பத்து வயது லாரியும் நாற்பது குதிரைத்திறன் டிராக்டரும்: கரமனைச் சாலையின் டீசல் கணக்கு

திருவனந்தபுரம்: களியக்காவிளையிலிருந்து கேரளத் தலைநகரை நோக்கி வரும் சாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், பாப்பனங்கோடு ஆகிய ஊர்களைத் தாண்டி, கரமனை ஆற்றுப் பாலத்தைக் கடந்து நகருக்குள் நுழைகிறது. திருவிதாங்கூர் மன்னராட்சியில், 19-ஆம் நூற்றாண்டில் இங்கு பாலம் எழுந்தபோது அதன்மேல் மாட்டு வண்டிகளே சென்றன. இன்று குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து சாலைக் கம்போளத்துக்குக் காய்கறியும் வாழைத்தாரும் ஏற்றிவரும் லாரிகள் பொழுது விடிவதற்கு முன்பே இப்பாலத்தைக் கடந்துவிடுகின்றன. விடிந்தபின் அரசுப் பேருந்துகளின் வரிசை. பாலத்தின் ஏற்றத்தில் கியர் மாற்றும்போது சில வண்டிகள் கக்கும் கரும்புகை, ஆற்றங்கரை அக்ரகாரத்து வீடுகளின் திண்ணை வரை படிகிறது.

டீசல் புகை பற்றி இந்நாட்டில் நடந்த வழக்குகள், அறிவிப்புகள், ஒத்திவைப்புகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தச் சிறு பகுதி ஏதோ ஒரு வகையில் சாட்சியாக இருக்கிறது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனை பக்கத்திலுள்ள பாப்பனங்கோட்டில் இயங்குகிறது. மறுபுறம், கரமனை நெடுங்காட்டில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த பண்ணைய முறை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. நெல்லும் காய்கறியும் மாடும் மீனும் ஒரே சிறு நிலத்தில் எவ்வாறு இணைந்து பிழைக்கலாம் என்று ஆராயும் இடம் அது. லாரி, பேருந்து, உழவு இயந்திரம் ஆகிய மூன்றையும் இயக்குவது ஒரே எரிபொருள்தான். ஆனால் மூன்றுக்கும் மூன்று நீதி.

கொச்சியில் பிறந்த உத்தரவு

2016-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி. கேரளச் சட்டப்பேரவைத் தேர்தல் முடிவுகள் வெளியாகி நான்கு நாள்களே ஆகியிருந்தன. பினராயி விஜயன் தலைமையிலான புதிய அரசு பதவியேற்க இன்னும் இரண்டு நாள்கள் இருந்தன. அந்த இடைவெளியில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு கொச்சியில் கூடி ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. திருவனந்தபுரம், கொல்லம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு, கண்ணூர் ஆகிய ஆறு நகரங்களில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனம் எதுவும், அது இலகுரகமாயினும் கனரகமாயினும், ஓடக்கூடாது. ஒரு மாத அவகாசத்துக்குப் பிறகு மீறினால், ஒவ்வொரு முறையும் 10 ஆயிரம் ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. பொதுப் போக்குவரத்து, உள்ளாட்சி வாகனங்கள் நீங்கலாக 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் திறன் கொண்ட புதிய டீசல் வாகனங்களைப் பதிவு செய்யவும் தடை.

மனுவைத் தாக்கல் செய்தது வழக்குரைஞர்களின் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு அமைப்பு ஒன்று. உத்தரவின் மூலப்படிவமோ தில்லியில் உருவானது. 2015 ஏப்ரலில் இதே தீர்ப்பாயம் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 2,000 சி.சி.க்கும் அதற்கு மேலுமான டீசல் கார்களின் பதிவை தில்லியில் நிறுத்திவைத்தது. குளிர்காலம் வந்தால் மூச்சுமுட்டும் தில்லிக்கு எழுதப்பட்ட மருந்துச் சீட்டு, அரபிக்கடல் காற்று அன்றாடம் வீசும் திருவனந்தபுரத்துக்கும் அப்படியே நீட்டப்பட்டது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. கேரள நகரங்களின் காற்று எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்ற ஆய்வு எங்கே என்பது முதல் கேள்வி. பத்தாண்டைக் கடந்த பேருந்துகளை ஒரே மாதத்தில் ஒதுக்கிவிட்டு, சம்பளம் கொடுக்கவே திணறும் போக்குவரத்துக் கழகம் எதை வைத்து ஓட்டும் என்பது அடுத்தது. கடன் தவணையை அடைத்து முடித்த பிறகே கையில் நாலு காசு பார்க்கத் தொடங்கும் ஒற்றை லாரி உரிமையாளருக்கு, பத்தாவது ஆண்டு என்பது தொழில் தொடங்கும் ஆண்டு; முடியும் ஆண்டன்று. கேரள உயர் நீதிமன்றம் அந்த ஜூன் மாதத்திலேயே இடைக்காலத் தடை விதித்தது. கரமனைப் பாலத்தில் ஒரு லாரியும் நிற்கவில்லை.

உத்தரவு அவசரத்தில் பிறந்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது எழுப்பிய பிரச்சினை பொய்யன்று. உலக சுகாதார நிறுவனத்தின்கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2012 ஜூன் 12 அன்று டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அமெரிக்கச் சுரங்கங்களில் டீசல் இயந்திரங்களுக்கிடையே உழைத்த 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரங்களில் ஒன்று. சாலைச் சந்திப்பில் நாள் முழுவதும் நிற்கும் போக்குவரத்துக் காவலரும், நடைபாதையில் பழம் விற்பவரும், லாரியின் ஓட்டுநரும் சுரங்கத்தில் இல்லை என்பது உண்மைதான். அவர்களைப் பின்தொடர்ந்து ஆராய நம்மிடம் யாரும் அவ்வளவு அக்கறை காட்டவில்லை என்பதும் உண்மைதான்.

இரண்டு நஞ்சுகளின் இழுபறி

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றி, அதன்மேல் எரிபொருளைப் பீய்ச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது. எரிபொருள் காற்றுடன் முழுமையாகக் கலக்காத இடத்தில் கரி மிஞ்சுகிறது, அதுவே கரும்புகை. வெப்பம் மிக உயர்ந்த இடத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடாகின்றன. அது கண்ணுக்குப் புகையாகத் தெரிவதில்லை. எரிதலின் வெப்பத்தைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி கூடும். வெப்பத்தைக் கூட்டினால் கரி குறையும், மற்றது கூடும். எஞ்சினுக்குள் மட்டும் சரிசெய்து இரண்டையும் ஒருசேர வெல்வது கடினம் என்பதால்தான், புகைக்குழாயிலேயே சுத்திகரிப்புக் கருவிகளைப் பொருத்தவேண்டியதாயிற்று. துகள் வடிகட்டி கரியைப் பிடித்துவைத்து, அவ்வப்போது 550 முதல் 600 டிகிரி வரை சூடேறி எரித்துவிடுகிறது. யூரியா கரைசலைத் தெளிக்கும் வினையூக்கி அமைப்பு, நைட்ரஜன் ஆக்சைடை மீண்டும் சாதாரண நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது.

இவை இயங்க ஒரு நிபந்தனை உண்டு. டீசலில் கந்தகம் மிகக் குறைவாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வினையூக்கி செயலிழக்கும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பாரத் ஸ்டேஜ்-3 டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 350 பங்கு கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. ஸ்டேஜ்-4இல் அது 50, ஸ்டேஜ்-6இல் 10. ஆகவே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பெருமுதலீடு செய்யாமல் லாரிகளை மட்டும் குறை கூறுவதில் பொருளில்லை. 2014-இல் சௌமித்ர சௌத்ரி குழு ஆறாம் கட்டத்தை 2024-இல் கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தது. தில்லியின் காற்றும் நீதிமன்றங்களின் நெருக்குதலும் சேர்ந்து, 2016 ஜனவரியில் மத்திய அரசு ஐந்தாம் கட்டத்தையே தாண்டிக்குதித்து, 2020 ஏப்ரல் 1 முதல் ஆறாம் கட்டம் என்று அறிவித்தது. அந்தத் தேதி காப்பாற்றப்பட்டது. மத்திய அரசின் தேதிகளில் இது அபூர்வம்.

நீதிமன்றமும் இதில் இளகவில்லை. 2017 மார்ச் 29 அன்று, ஸ்டேஜ்-3 வாகனங்களை ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, விற்காமல் தேங்கியிருந்தவை ஏறத்தாழ 8.24 லட்சம். அவற்றுள் 96 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வர்த்தக வாகனங்கள். உற்பத்தியாளரின் லாபத்தைவிடக் குடிமக்களின் உடல்நலமே பெரிது என்பது நீதிபதிகள் எடுத்த நிலை. விளைவு கண்கூடானது. கனரக வண்டி எஞ்சின் ஒரு கிலோவாட்-மணி ஆற்றலுக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடு, நான்காம் கட்டத்தில் 3.5 கிராம், ஆறாம் கட்டத்தில் 0.4 கிராம். நுண்துகள் வரம்பு மூன்றாம் கட்டத்தில் 0.10 கிராமாக இருந்தது, 0.01 ஆனது. 2020-க்குப் பின் வாங்கிய லாரி கரமனைப் பாலத்தில் ஏறும்போது பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தேவையில்லாமல் போனதற்கு, தடை உத்தரவுகளைவிட இந்த எண்களே காரணம்.

உழவனின் பெயரால் ஒத்திவைப்பு

இந்த எண்கள் எதுவும் வயலுக்குள் இறங்கவில்லை. டிராக்டர்களுக்கு 'டிரெம்' என்ற தனி விதிமுறை வரிசை உண்டு. 2010-11 காலத்தில் நடைமுறைக்கு வந்த மூன்று-ஏ கட்டத்தின்படி, 19 முதல் 37 கிலோவாட் வரையிலான, அதாவது ஏறத்தாழ 25 முதல் 50 குதிரைத்திறன் வரையிலான எஞ்சின், கிலோவாட்-மணிக்கு 0.6 கிராம் நுண்துகள் வெளியிடலாம். ஆறாம் கட்ட லாரியின் வரம்புடன் ஒப்பிட்டால் இது 60 மடங்கு. சோதனை முறைகள் இரண்டுக்கும் ஒன்றல்ல என்றாலும், இடைவெளியின் ஆழம் அதனால் குறைந்துவிடுவதில்லை.

நான்காம் கட்டம் பற்றி 2018 மார்ச்சில் அறிவிக்கை வெளியானது. 2020 அக்டோபர் என்பது இலக்கு. அது 2021 அக்டோபராகி, 2022-க்கு நகர்ந்து, கடைசியில் 2023 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. வந்தபோதும் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு மட்டுமே பொருந்தியது. அவற்றின் நுண்துகள் வரம்பு 0.4 கிராமிலிருந்து 0.025 கிராமாக இறங்கியது, நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இந்தியாவில் ஆண்டுதோறும் விற்பனையாகும் லட்சக்கணக்கான டிராக்டர்களில் மிகப் பெரும்பாலானவை 50 குதிரைத்திறனுக்கு உட்பட்டவை. அவை பழைய விதியிலேயே நின்றன. அவற்றையும் தொடும் ஐந்தாம் கட்டம் 2024 ஏப்ரலில் வரவேண்டியிருந்தது. 2026 ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு மேலும் அவகாசம் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டனர்.

காரணமாகச் சொல்லப்படுவது விவசாயியின் சக்தி. மின்னணு முறையில் எரிபொருள் பீய்ச்சும் எஞ்சினும் வடிகட்டியும் சேர்ந்தால் விலை ஏறும், கிராமத்துப் பட்டறையில் பழுதுபார்க்க இயலாது, சிறு டிராக்டரின் முன்மூடிக்குள் இடம் போதாது என்பன வாதங்கள். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. நாஞ்சில் நாட்டு வயலில் கூண்டுச் சக்கரம் பூட்டி உழும் டிராக்டரின் பழுதை இன்று உள்ளூர் மெக்கானிக் அரை நாளில் தீர்த்துவிடுகிறார். மடிக்கணினியைச் செருகினால்தான் பிழை தெரியும் எஞ்சின், நடவு நேரத்தில் நின்றால் பருவமே போகும். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாரி உரிமையாளருக்கு இதே நியாயங்கள் இருந்தன. அவருக்காக யாரும் மீண்டும் மீண்டும் தேதி மாற்றவில்லை. டிராக்டருக்கு மாற்றியபோது நாடாளுமன்றத்தில் பெரிய விவாதமும் நடக்கவில்லை. ஒவ்வொரு ஒத்திவைப்பும் ஓர் அரசிதழ் அறிவிக்கையோடு முடிந்தது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவரும் விவசாயிதான்: டிராக்டரின் புகைக்குழாய் ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நிற்கிறது.

கேரளத்தில் நிலைமை இன்னும் வேறு. துண்டு துண்டான பாடசேகரங்களிலும் வீட்டுப் புரயிடங்களிலும் பெரிய டிராக்டருக்கு வேலை குறைவு. வெள்ளாயணி, நெடுங்காடு போன்ற தாழ்நிலங்களுக்கு ஏற்றது பவர் டில்லர். 1973-இல் தொடங்கப்பட்ட மாநில அரசின் வேளாண் இயந்திர நிறுவனமான 'காம்கோ', அத்தாணியில் இதைத் தயாரித்து நாடெங்கும் விற்கிறது. சுமார் 12 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பவருக்கும் புகைக்கும் இடையே ஒரு கை தூரம்கூட இல்லை. 19 கிலோவாட்டுக்குக் குறைந்த இத்தகைய எஞ்சின்களுக்கு ஐந்தாம் கட்டத்திலும் நுண்துகள் வரம்பு 0.4 கிராம்தான். வடிகட்டி பொருத்தவேண்டிய கட்டாயம் இவற்றுக்கு வரப்போவதில்லை. சிறு விவசாயியைக் காக்கும் சலுகை என்று இதைச் சொல்வதா, அவரது நுரையீரலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது என்று சொல்வதா?

சிறு இயந்திரங்களுக்கு மாற்றுவழி மின்சாரம் என்று துறை வல்லுநர்கள் கருதுகின்றனர். சோனாலிகா நிறுவனம் 2020 டிசம்பரில் மின் டிராக்டரை அறிமுகப்படுத்தியது. துர்காப்பூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2023-இல் ஒன்றை வெளியிட்டது. 2021 பிப்ரவரியில் அமைச்சர் நிதின் கட்கரி, டீசலிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாற்றப்பட்ட டிராக்டரைத் தில்லியில் அறிமுகம் செய்தார். அதே நாள்களில் தில்லி எல்லையில் ஆயிரக்கணக்கான டீசல் டிராக்டர்களுடன் விவசாயிகள் முகாமிட்டிருந்தனர் என்பதும், தலைநகர்ப் பகுதியின் பத்தாண்டுத் தடை தங்கள் டிராக்டர்களையும் பறித்துவிடும் என்ற அச்சம் அப்போது போராட்ட மேடைகளில் ஒலித்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் அல்ல, 15 ஆண்டுகள் முடிந்ததும் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்கலாம், கட்டாய ஆயுள் வரம்பு இல்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பின்னர் விளக்கம் அளிக்கவேண்டியதாயிற்று.

வயதா, புகையா?

வண்டியின் வயதை வைத்துத் தடை செய்வதில் ஒரு வசதி உண்டு: பதிவுச் சான்றைப் பார்த்தாலே போதும். புகையை அளக்கவேண்டியதில்லை. ஆனால் நன்றாகப் பேணப்பட்ட 12 ஆண்டு வண்டி, மூச்சுவிட முடியாத ஏர் ஃபில்டருடனும் தேய்ந்த நாசிலுடனும் அளவுக்கு மீறிய பாரத்துடனும் ஓடும் 6 ஆண்டு வண்டியைவிடக் குறைவாகப் புகை விடக்கூடும். தில்லியிலேயே இந்தக் கேள்வி முடிவுக்கு வரவில்லை. 2018 அக்டோபரில் பத்தாண்டுத் தடையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை எடுக்கவேண்டாம் என்றது. அந்த டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு நான்காம் கட்டமும் அதற்குப் பிந்தையதுமான வாகனங்களுக்கே என்று திருத்தியது. வயதிலிருந்து எஞ்சினின் தரத்துக்கு வழக்கு நகர்ந்திருக்கிறது. கொச்சி உத்தரவில் இந்த வேறுபாடு இருந்திருந்தால் அது ஒரு மாதத்தில் முடங்கியிராது.

புகையை அளக்கும் ஏற்பாடோ பலவீனமானது. டீசல் வண்டிக்கான மாசுச் சான்றுக்கு, நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி, புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கின்றனர். அனுமதிக்கப்பட்ட அளவு பழைய வண்டிகளுக்கு 2.45, நான்காம் கட்டத்துக்கு 1.62, ஆறாம் கட்டத்துக்கு 0.7. நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதே இல்லை. ஏற்றத்தில் பாரத்துடன் திணறும் லாரியின் நிலையை, காலியாக நிற்கும் லாரி காட்டாது. 2018 ஜூலையில் மத்திய அரசு கனரக வண்டிகளின் அச்சுச் சுமை வரம்பையே 20 முதல் 25 சதவீதம் உயர்த்தியது. அதே பழைய எஞ்சின்தான் அந்தக் கூடுதல் பாரத்தையும் இழுக்கிறது.

நல்லது நடந்த இடங்களும் உண்டு. அவை பெரும்பாலும் புகையை நினைத்துச் செய்தவையல்ல. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபின் அமரவிளை உள்ளிட்ட வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. எஞ்சினை அணைக்காமல் லாரிகள் காத்துக்கிடந்த வரிசை மறைந்தது. கழக்கூட்டத்திலிருந்து தமிழக எல்லையிலுள்ள காரோடு வரையிலான புறவழிச்சாலை, நகருக்குள் வேலையில்லாத வண்டிகளைக் கரமனையிலிருந்து விலக்குகிறது. 2022 ஆகஸ்டில் தலைநகரின் உட்பகுதிச் சுற்றுத்தடங்களில் மின்பேருந்துகள் ஓடத்தொடங்கின. 2021 ஜூனில் திருவனந்தபுரம்-எர்ணாகுளம் தடத்தில் திரவ இயற்கை எரிவாயுப் பேருந்தும் சோதனை ஓட்டத்துக்கு விடப்பட்டது.

ஆனால் பாப்பனங்கோடு பணிமனையின் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகும் என்று மத்திய அரசு அறிவித்தபோது, தனது பேருந்துகளுக்கு விலக்கு கேட்டு கேரளம் தில்லியின் கதவைத் தட்டியது. 2022 பட்ஜெட்டில் பழைய தனியார் வாகனங்களுக்குப் பசுமை வரியை 50 சதவீதம் உயர்த்திய அதே அரசுதான் இதுவும். தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட 131 நகரங்களில் கேரள நகரம் ஒன்றுகூட இல்லை. காற்று ஒப்பீட்டளவில் நன்றாக இருப்பதால் பணம் வராது. 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்தில் மின் லாரி வாங்குவோருக்கு ரூ. 9.6 லட்சம் வரை மானியம் என்று 2025 ஜூலையில் வழிகாட்டுதல் வந்தது. பழைய லாரியை உடைத்ததற்கான சான்று கொடுக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. நாடு முழுவதற்குமாக ஒதுக்கிய ரூ. 500 கோடியில் சுமார் 5,600 வண்டிகளே பயன்பெறும். காய்கறி ஏற்றும் ஒற்றை லாரிக்காரர் அந்த வரிசையில் எங்கே நிற்பார் என்பதைத் திட்டம் சொல்லவில்லை. புதிய லாரி வாங்க அவருக்குக் கடன் தருபவர் பெரும்பாலும் தனியார் நிதி நிறுவனம். பழைய லாரியை உடைக்காமல் அடுத்த மாநிலத்துக்கு விற்றால்தான் முன்பணம் சேரும். தில்லியில் விலக்கப்பட்ட வண்டிகள் பல மாநிலங்களுக்கு இடம்பெயர்ந்தது அப்படித்தான்.

இதற்கிடையே 2025 மே 2 அன்று விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். கப்பலிலிருந்து கப்பலுக்குக் கன்டெய்னர்களை மாற்றும் பணியே அங்கு முதலில் தொடங்கியது. சாலைவழிச் சரக்கு முழு அளவில் இறங்கும்போது, அந்தக் கன்டெய்னர்களை இழுக்கும் டிரெய்லர்கள் எந்தக் கட்டத்து எஞ்சினுடன் வரவேண்டும் என்பதைத் துறைமுக ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்க இயலும். யாருடைய பழைய வண்டியையும் பறிக்காமல், நீதிமன்றத்துக்கும் போகாமல், மாநில அரசு தன் கையால் எழுதக்கூடிய வரி அது.